வசதியாகப் பேசும் முன்னோர்

மீட்பர் என்றொரு இனம் நம் நடுவே உலவுகிறது. சட்டென்று மாதா கோயில் மணியோசை காதில் கேட்டால், மன்னிக்கவும், இவர் அவரல்லர். இவர் மெய்யியல் மீட்பர். கிணற்றில் விழுந்தவரைத் தீயணைப்புப் படையினர் மீட்டால், மேலே வந்தவர் இருமி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடந்ததைத் தம் வாயாலேயே சொல்வார். மெய்யியல் மீட்பர் மீட்டால் மீட்கப்பட்டவர் வாய் திறக்க முடியாது. மைக் மீட்பர் கையில் இருக்கும்.

ஆளை அடையாளம் காண்பது எளிது. பணி ஓய்வு பெறும்வரை சட்டையை பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற மறு வாரமே கைத்தறி ஜிப்பாவுக்கு மாறி, தோளில் துணிப்பை மாட்டி, பைக்குள் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் தம் பெயர் அச்சிட்ட அட்டைகள் நூறும் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையம், டீக்கடை, காதுகுத்து வீடு, துக்க வீடு என்று வேறுபாடு பாராமல் நுழைந்து, எவர் எதைச் சொன்னாலும் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, "அதை நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்க" என்பார். அப்பவே என்றால் எப்போது? கேட்கக் கூடாது. நம்ம ஆளுங்க என்றால் யார் யார்? அதைக் கேட்கவே கூடாது.

மேல்நாட்டுச் சிந்தனையை நாலு வார்த்தை திட்டாமல் இவருக்குப் பொழுது விடியாது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். திண்டிவனத்து டீக்கடையில் ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால், அதே வார்த்தையை ஜெர்மனியிலோ பிரான்சிலோ எவராவது சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பிடித்த பிறகுதான் அது நல்ல வார்த்தை என்று இவருக்கு நம்பிக்கை வரும். பாட்டன் பேச்சுக்கு வெள்ளைக்காரர் சான்றொப்பம் போட வேண்டும். அதன் பெயர் சுதேசி.

இந்த இனத்தின் சிறந்த மாதிரியை நீங்கள் பார்க்க விரும்பினால் திண்டிவனத்தில் பேராசிரியர் கோதண்டபாணி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். 'தொன்மை மெய்யியல் மீட்பு மையம்' என்று பெரிய எழுத்திலும், 'வண்டிகளை நிறுத்தாதீர்' என்று அதைவிடப் பெரிய எழுத்திலும் ஒரு பலகை தொங்கும்.

கோதண்டபாணி முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். நடத்தியது முழுக்க ஐரோப்பியத் தத்துவம். பழுப்பேறிய ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, "அஞ்சு கேள்வியில மூணு இதிலேருந்து கண்டிப்பா வரும்" என்று நடத்தினார். மூன்றும் தவறாமல் வந்தன. ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கையில் புதுச்சேரியில் நடந்த ஒரு மாநாட்டின் தேநீர் இடைவேளையில், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இவரிடம், "உங்கள் பகுதி மக்களின் தத்துவம் என்ன?" என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தார். கோதண்டபாணி தேநீரில் தோய்த்த பிஸ்கோத்து உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. கரண்டி கேட்டு வாங்கி அதை எடுப்பதற்குள் வெளிநாட்டவர் போய்விட்டார். கேள்வி மட்டும் போகவில்லை. மானமுள்ள மனிதருக்கு அது நல்ல கேள்விதான். இரவு பகலாக உறுத்தியிருக்க வேண்டிய கேள்வி. இவரை இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

பிறகு பார்க்க வேண்டுமே! கேப்பைக்களியில் பகுதி முழுமை என்ற பேதமில்லை என்று ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றினார். (வீட்டில் காலை உணவு ஓட்ஸ்.) மனைவி தையல்நாயகி அடுப்படியிலிருந்து, "ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு" என்றபோது, தீர்தல் என்ற சொல்லில் முடிவும் தீர்வும் ஒன்றாகக் கலந்திருக்கும் அதிசயத்தைப் பற்றிக் கூடத்தில் நின்றபடியே விளக்கினார்.

"அதிசயம் அப்பால இருக்கட்டும்," என்றார் தையல்நாயகி. "மொதல்ல சிலிண்டருக்கு போன் போடுங்க."

இவரிடம் மாட்டிக்கொண்டவர் பிரபாவதி. விழுப்புரத்துப் பெண், ரயில்வேயில் தண்டவாளம் பார்த்துக்கொண்டிருந்தவரின் மகள். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். நெறியாளர் கோதண்டபாணி. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசைக் கூட்டத்தில் பல பேருக்குச் சாமி வருகிறது. பல பேர் வாக்குச் சொல்கிறார்கள். இதில் எது சாமி வாக்கு, எது ஆசாமி வாக்கு என்று கேட்கிற ஜனங்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? இதுதான் பிரபாவதியின் கேள்வி. பதினோரு அமாவாசைக்கு அந்தக் கூட்டத்தில் நசுங்கி, ஜனங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு எழுதி, இருநூற்று எழுபது பக்கத்தைக் கொண்டுவந்து நெறியாளர் மேசைமேல் வைத்தார்.

கோதண்டபாணி புரட்டிப் பார்த்தார். "இதுல தத்துவம் எங்கம்மா இருக்குது? பக்கத்துக்குப் பக்கம் சண்டைதான் இருக்குது."

"அந்தச் சண்டைதான் சார் தத்துவம். எது உண்மை, எதை வெச்சி நம்புறதுன்னுதான் சண்டை போட்டுக்கிறாங்க."

"வெளிநாட்டு அறிஞர்கள் பேரு ஒண்ணு கூட இல்லியே. யாரு மதிப்பாங்க? ஒப்பீடுன்னு ஒரு அத்தியாயம் சேர்த்துக்கினு வா. கையெழுத்துப் போடறேன்."

பிரபாவதி சேர்க்கவில்லை. கோதண்டபாணி போடவில்லை. இப்படியே இரண்டு வருடம் போனது. அந்த ஒரு கையெழுத்து இல்லாததால் நிரந்தர வேலைக்கான இரண்டு நேர்முகத் தேர்வுகள் பிரபாவதியின் கண் முன்னாலேயே கைநழுவின. அடுத்ததும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும். கோதண்டபாணிக்கு இது தெரியும். தெரிந்து என்ன? முன்னோரை மீட்பதில் மும்முரமாக இருப்பவருக்கு எதிரில் நிற்பவரைக் கவனிக்க நேரம் ஏது?

இந்த நிலையில்தான் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. நேரில் போய் ஒரு மண்ணின் சிந்தனையாளரைப் பதிவு செய்ய வேண்டும். திண்டிவனத்துக்கு மேற்கே அவருடைய அண்ணன் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்பவர்களில் அம்சா என்பவர் கேட்ட கேள்விக்குச் சுருக்கென்று பதில் சொல்வார் என்று பெயர். காலனியில் வீடு, ஐம்பது வயதிருக்கும். அவர் அப்பாவும் அதே நிலத்தில் உழைத்தவர். கோதண்டபாணி பிரபாவதியையும் அழைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய், மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கருவியை முடுக்கினார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

பதிவு ஐம்பத்தொரு நிமிடம். அதில் அம்சா சேர்ந்தாற்போல் பேசியது ஒரே ஒரு இடத்தில், பிரபாவதி குறுக்கிட்டுக் கேட்டபோது.

"அம்சாக்கா, சாமி பேசுதா, வந்தவங்களே பேசுறாங்களான்னு நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

"அது இன்னா பெரிய வித்தையா?" என்றார் அம்சா, செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டே. "எங்க நாத்தனாவுக்கு அமாவாச தவறாம வரும். வந்தா, 'அம்சா வூட்டுக் கறவ மாட்ட இவளுக்கு வுட்டுக்குடு'ன்னு சொல்லும். ஆத்தாவுக்கு எதுக்கு என் மாடு? அது நாத்தனா. எங்க மாமியாருக்கு ஆயுசுலயே ஒரு வாட்டிதான் வந்துச்சு. நடுத் தெருவுல நின்னுக்கினு, 'மூக்குத்தி காணோம்னு பக்கத்து வூட்டுப் பொண்ணு மேல பழி போட்டாளே இவ, அத எடுத்து ஒளிச்சு வெச்சதே இவதான்'னு சொல்லிட்டாங்க. எறங்குனப்புறம் வெட்கத்துல நாலு நாளு வூட்ட வுட்டு வெளிய வரல. அது ஆத்தா. சொல்றவங்களுக்கே நோவணும் பாப்பா. நோவாத வாக்கு சொந்த வாக்கு."

பிரபாவதியின் பேனா நின்றுவிட்டது. இரண்டு வருடமாகச் சுற்றி வந்த விஷயத்தின் நடு ஆணி அது. கோதண்டபாணிக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. வேறு காரணத்துக்காக. வீடு திரும்புவதற்குள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்: 'நோவுவழி மெய்காணல்.' விழுப்புரத்தில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் கூட்டி உலகுக்கு அறிவித்துவிட வேண்டியதுதான். ஒலிப்பதிவை எழுதித் தரும் வேலை பிரபாவதிக்கு. பதினெட்டுப் பக்கம் வந்தது. கோதண்டபாணி தமக்கு வேண்டிய அரைப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு மிச்சத்தை மேசை இழுப்பறையில் போட்டார்.

கருத்தரங்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளைப் பாதி பிய்த்திருந்ததால், மேடையில் கோதண்டபாணியின் தலைக்கு மேலே 'ஆர்த்தி' என்ற பெயர் மட்டும் பூ அலங்காரத்தோடு மின்னியது. வாசலில் ஃபிளெக்ஸ். அதில் கோதண்டபாணி கன்னத்தில் விரல் ஊன்றிச் சிந்திக்கிறார். மேலே 'மெய்யியல் மீட்பர்' என்ற பட்டம். பட்டத்தை வழங்கியவர்கள் மாணவர்கள். வழங்குமாறு அவர்களுக்குச் சொன்னவர் யார் என்பது வேறு விஷயம். பன்னாட்டுக்கு ஆதாரமாக, புதுச்சேரிக்குப் பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் வீடெடுத்துத் தங்கியிருந்த டென்மார்க் அம்மையார் ஒருவர் முதல் வரிசையில் இருந்தார். தாம் பானை செய்பவர், தத்துவம் தெரியாது என்று அவர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "பானையும் மண்தானே!" என்று மாலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

அம்சாவுக்கும் அழைப்பு. பேச அல்ல, பொன்னாடை போர்த்திக்கொள்ள. வயலில் 'ஏ அம்சா' என்று விளிக்கிற கோதண்டபாணி மைக்கில் 'அம்சா அம்மையார் அவர்கள்' என்றதும், கூப்பிடுவது தம்மைத்தான் என்று அம்சாவுக்கே விளங்கச் சற்று நேரமாயிற்று. பொன்னாடை, புகைப்படம், கைத்தட்டல். பிறகு கோதண்டபாணி ஒன்றே கால் மணி நேரம் பேசினார்.

முன்னோர் என்னவெல்லாம் சொன்னார்கள் தெரியுமா? மூத்த ஆசிரியர்களைக் கேட்காமல் ஊரில் எதுவும் செய்யக் கூடாது என்றார்கள். ஆய்வு மாணவர் அவசரப்படக் கூடாது என்றார்கள். நிலத்தை உடையவரும் நிலத்தில் உழைப்பவரும் ஒரே மெய்யியலின் இரு கண்கள் என்றார்கள். "நம்மிடையே ஏற்றத்தாழ்வு என்பதே இருந்ததில்லை! எல்லாம் வெளியிலிருந்து வந்தவன் செய்த சூழ்ச்சி!" என்று கோதண்டபாணி மேசையைத் தட்டியபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறைந்த சபை உருகியது. அவர்களுடைய முன்னோரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள் போலும்.

உருகிய வேகத்தில் அவர் ஒரு பிழை செய்தார். "அம்மையார் அவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள்" என்று மைக்கை நீட்டிவிட்டார். அப்படி நீட்டினால், 'வணக்கம், நன்றி' என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும் என்ற மரபு அம்சாவுக்குத் தெரியாது.

"எல்லாருக்கும் வணக்கம். சாரு சொன்னதக் கேட்டுக்கினு இருந்தேன். முன்னோருங்க சொன்னாங்க, முன்னோருங்க சொன்னாங்கன்னாரு. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. சாருக்கு நோவுற மாதிரி அவங்க ஒண்ணுமே சொல்லலியா?"

அம்சா கேலியாகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பதில் வேண்டித்தான் கேட்டார்.

"நமக்குள்ள வித்தியாசமே இருந்ததில்லன்னாரு. எங்க பெருசுங்கள கேட்டா, களத்துல தண்ணி கேட்டா சொம்புல குடுக்க மாட்டாங்க, குனிஞ்சு கைய ஏந்தச் சொல்லி மேலேருந்து ஊத்துவாங்கன்னு இல்ல சொல்றாங்க? அவங்களும் முன்னோருதானே? அப்ப இங்க பேசுனது யாரு, முன்னோருங்களா, சாரா? தெரியாமத்தான் கேக்குறேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரோ கை தட்டினார்கள். விஷயம் விளங்காத டென்மார்க் அம்மையார் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். கோதண்டபாணிக்குக் காது மடல் சுட்டது. முப்பத்திரண்டு வருடப் பணியில் ஒரு மாணவன்கூட அவரிடம் குறிப்பேட்டில் இல்லாத கேள்வி கேட்டதில்லை. என்ன செய்தார் என்கிறீர்கள்? மைக்கை வாங்கி, "அருமையான கேள்வி. நேரமின்மை காரணமாக..." என்று தொடங்கி, மணி பன்னிரண்டு கூட ஆகாத வேளையில், நாட்டுப்பண் பாடச் சொல்லிவிட்டார். சபை விறைப்பாக எழுந்து நின்றது. நாட்டுப்பண் ஒலிக்கும்போது யாரும் கேள்வி கேட்க முடியாதல்லவா?

பந்தியில் அம்சா இலையைப் பார்த்தபடி, "தப்பா கேட்டுட்டேனா பாப்பா?" என்றார். "உனக்குப் பேஜாராயிடப் போவுது."

"ஆனா ஆவட்டும்க்கா," என்றார் பிரபாவதி. "பாயசம் வாங்கிக்கோங்க."

மறுநாள் காலை கோதண்டபாணி ஓட்ஸ் சாப்பிடவில்லை. அம்சா அப்படிப் பேசும்படி தாம் ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று நிரூபிப்பதற்காக, இழுப்பறையிலிருந்து மிச்சப் பக்கங்களை எல்லாம் எடுத்து முதல்முறையாகப் படித்தார். பிரபாவதி ஓர் எழுத்தையும் மாற்றாமல் எழுதியிருந்தார். பக்கம் பக்கமாகக் கோதண்டபாணி. இடையிடையே 'அம்சா: ம்.' மறுபடி ஒரு பக்கம் கோதண்டபாணி. 'அம்சா: ம்.' தாம் கேட்டதாக நினைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் தாமே பதிலும் சொல்லியிருப்பதைப் பார்த்தார். ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

'அம்சா: எங்கப்பா ஒரு வாட்டி இதே களத்துல உங்க அப்பாகிட்ட...

கோதண்டபாணி: அது இருக்கட்டும். பிரபஞ்சம் எப்படித் தோணுச்சுன்னு உங்க ஆளுங்க நினைக்கிறாங்க? அதைச் சொல்லு.'

என்ன சொல்ல வந்தார்? நினைவில்லை. கேட்டிருந்தால்தானே நினைவிருக்க? அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. களத்து மேட்டில் குடை பிடித்து நின்ற அப்பா. குடைக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று எவ்வளவு யோசித்தும் ஒரு முகம்கூடத் தெளியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனார்.

அம்சா கொட்டகை ஓரம் தனியாக உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு காலிச் சாக்கைத் தள்ளிப் போட்டு, "குந்துங்க சார்" என்றார். கோதண்டபாணி சாக்கில் உட்கார்ந்தார். முழங்கால் நெட்டி முறிகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு உங்கப்பா பத்தி ஏதோ சொல்ல வந்த..." என்று ஆரம்பித்தவர், விழுங்கிக்கொண்டு, "வந்தீங்க" என்றார்.

"வந்தேன். நீங்க பிரபஞ்சத்தக் கேட்டீங்க."

"இப்ப சொல்லுங்க. குறுக்க பேச மாட்டேன்."

அம்சா ஒரு காயை உடைத்து, பருப்பு முற்றியிருக்கிறதா என்று பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்று முடித்தார்.

"வேணாம் சார். அது எங்கப்பா சேதி. யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

"நான் தெரிஞ்சிக்கணும்னுதான்..."

"உங்க பையில ஏதோ செவப்பா எரியுது பாருங்க சார்," என்றார் அம்சா.

கோதண்டபாணி குனிந்து பார்த்தார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தியமாக அவர் நினைத்துச் செய்யவில்லை. உட்காரும்போதே விரல் பழக்கதோஷத்தில் அழுத்தியிருந்தது. அதை அணைக்க அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் ஓர் இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பிற்பகலே பிரபாவதியைக் கூப்பிட்டு, ஒப்பீட்டு அத்தியாயம் கேட்காமல், முன்னோரை இழுக்காமல், சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "எதுக்கு சார் இப்ப திடீர்னு?" என்று கேட்டதற்கு, "நோவுது" என்றார். முழங்காலைச் சொன்னாரா, வேறெதையாவது சொன்னாரா என்பது பிரபாவதிக்கு விளங்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பக்கத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய், பட்டமும் வந்தது. நேர்முகத் தேர்வுக்குப் பிரபாவதி வயது வரம்புக்கு இருபது நாள் மிச்சம் வைத்துப் போய் உட்கார்ந்தார். வேலை கிடைத்தது. ஆய்வேட்டில் அவர் பிறகு சேர்த்த நோவு பற்றிய அத்தியாயத்தில் சொன்னவர் பெயர் அம்சா என்றே இருக்கிறது. கண்டுபிடித்தவர் என்று எவர் பெயரும் இல்லை.

கோதண்டபாணி திருந்திவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கையெழுத்துப் போட்டுச் சரியாக மூன்று வாரம் கழித்து, திண்டிவனத்தில் மையத்தின் மாதக் கூட்டத்தில் அவர் புதிய கட்டுரை வாசித்தார். தலைப்பு: 'மறுத்தலின் மெய்யியல்.' ஒரு வேளாண் தொழிலாளி சொல்ல மறுப்பதில் எவ்வளவு ஆழ்ந்த தத்துவம் அடங்கியிருக்கிறது என்பதை நாற்பது நிமிடம் விளக்கினார். இதே கருத்தைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் சொல்லியிருப்பதையும் தேடிப் பிடித்திருந்தார். நல்ல கைத்தட்டல்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை, தனியாக. நோவாத வாக்கு சொந்த வாக்கு என்று அம்சா சொன்ன இடத்தில், 'அட, இதைத்தானே அந்த மேல்நாட்டவர்...' என்று உங்கள் மனத்தில் ஒரு பெயர் ஓடியதா? போகட்டும், அது நோயின் முதல் கட்டம், மருந்துண்டு. ஆனால், அம்சாவின் அப்பாவுக்கு அந்தக் களத்தில் என்னதான் நடந்தது, அந்த அம்மாள் சொல்லாமலே போய்விட்டால் என்ன ஆவது, யாராவது பக்குவமாகப் பேசி அதை வாங்கிப் பதிவு செய்துவிட வேண்டாமா, நாமே ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன என்று கை துறுதுறுக்கிறதா?

அப்படியானால் திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கி எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மையத்தில் ஆயுள் உறுப்பினர் சேர்க்கை நடக்கிறது. கன்னத்தில் விரல் ஊன்றிய புகைப்படம் இரண்டு போதும்.